கடைசிப் பாட்டை ஓட்டிவிடாதே

ஜூஜுவாடி
14.8.1988

அன்புள்ள அக்கா சுக்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி பஷீர் நலம். உன் கை எப்படி இருக்கிறது? மச்சான் போட்ட கார்டில் நீ கிணற்றடியில் வழுக்கி வலது கையை முறித்துக்கொண்ட செய்தி ஒரு வரி, புளி விலை ஏழு வரி. மாவுக்கட்டு எப்போது பிரிப்பார்கள் என்பதை அவர் எழுதவே இல்லை. நீயே யாரையாவது விட்டு எழுதச் சொல்.

புளி லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பும் லாரிக்காரர் கோவிந்தனிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் அட்டிபெலேயில் வாங்கியது. பெங்களூர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து போட்டது. குழுவின் பெயர் 'லூஸ் கனெக்‌ஷன்ஸ்', கேசட்டின் பெயர் 'பஞ்ச் கார்டு', கம்பெனி வாசலில் நேரம் குத்துவோமே, அந்த அட்டை. பாட்டெல்லாம் இங்கிலீஷ், நடுநடுவே கன்னடமும் தமிழும் எட்டிப் பார்க்கும். முழுக்க முழுக்க கம்பெனி வாழ்க்கையைக் கிண்டல் செய்கிறார்கள், அக்கா. முதல் பாட்டு ராக். சைரனை வைத்து காது கிழியக் கித்தார் அடிக்கிறார்கள். இரண்டாவது சூப்பர்வைசருக்கு, அப்படியே கல்யாண பேண்டு. மூன்றாவதில் ஒருவன் தன் பிரமோஷன் ஆர்டரைக் காதலிக்கிறான், வயலின் எல்லாம் வைத்து உருகுகிறான். பி பக்கம் திருப்பினால் கேண்டீன் சாம்பாருக்கு மாதாகோவில் கோரஸ், யூனியன் எலக்‌ஷனுக்கு டிஸ்கோ, போனஸுக்குக் கவாலி. ஒரு கேசட்டுக்குள் ஏழு ஊர்த் திருவிழா.

பி பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் அழுமூஞ்சி. ஒற்றைக் கித்தார், ஒருத்தன் முனகுகிறான். அதை ஓட்டிவிடு.

நான் லேத் முன்னால் நிற்கும்போதெல்லாம் இந்தப் பாட்டுகள்தான் மண்டைக்குள் ஓடுகின்றன. அறையில் கூட இருக்கும் பெருமாளுக்கு இது பிடிக்கவில்லை. அத்தாவும் அம்மாவும் போனபிறகு நான் எதைக் கேட்டாலும் உன்னிடம்தான் ஓடிவந்து சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது.

வஸ்ஸலாம்.
பஷீர் அஹமது


சிங்காரப்பேட்டை
27.8.1988

அன்புத் தம்பி பஷீருக்கு,

வ அலைக்கும் ஸலாம். அக்கா சுக்ரா சொல்லச் சொல்ல எழுதுவது. மாவுக்கட்டு ஐப்பசி வரை இருக்குமாம். சமையல் மச்சான் கையில். அதனால் எல்லாருக்கும் உடம்பு இளைத்திருக்கிறது, மற்றபடி நலம். தெருவில் ஒரு பெண் வந்து எழுதித் தருகிறாள். கட்டுப் போட்ட கையால் கவரும் பிரிக்க முடியவில்லை, உன் கடிதத்தை அவள்தான் பிரித்து வாசித்தாள். நல்ல பெண்.

கேசட் வந்தது. நம் வீட்டில் எதில் போட்டுக் கேட்பது என்று யோசித்தாயா? எழுதுகிறவள் வீட்டில் பெரிய டேப் ரிக்கார்டர் இருக்கிறது, இரண்டு ஸ்பீக்கர். அங்கே போய்க் கேட்டேன். முதல் பாட்டில் அவர்கள் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. போனஸ் கவாலி வந்தபோது உன் மச்சான் பக்திப் பாட்டு என்று தொப்பி எடுத்துப் போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தார். விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தார்.

கேசட்டுக்குள் எறும்பு எழுத்தில் பாட்டெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். எழுதுகிறவள் பிளஸ் டூ வரை படித்தவள், அர்த்தம் சொன்னாள். பிரமோஷன் பாட்டில் மற்ற இடமெல்லாம் சுருதி சுத்தமாக இருக்கிற வயலின், 'அடுத்த வருஷம்' என்ற வார்த்தை வரும்போது மட்டும் அரை இழை இறங்குகிறது. தெரியாமல் இல்லை, மூன்று முறையும் அதே இடத்தில். ஆர்டர் வராது என்று அவன் வாய் சொல்லாததை வயலின் சொல்லிவிடுகிறது. சாம்பார் கோரஸில் எல்லாரும் உச்சத்துக்குப் போகும் இடத்தில் இடது ஸ்பீக்கரில் மட்டும் ஒரு கரண்டி கீழே விழுகிறது. நீ கேட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடாமல் தூங்காதே.

சுக்ரா
(கை கட்டில்)


சிங்காரப்பேட்டை
1.9.1988

பஷீருக்கு மச்சான் குலாம் முகம்மது. நலம். புளி இறங்குமுகம். ஒரு விஷயம். நம் பெரிய தெரு மைக்செட் குலாம் ரசூல் பாய்க்கு ஒரே பெண், தில்ஷாத். டைப்ரைட்டிங் லோயர் பாஸ். உனக்குக் கேட்கலாம் என்று உன் அக்காவுக்கு ரொம்ப ஆசை. வாணியம்பாடியிலிருந்தும் ஒரு இடம் அவர்களைக் கேட்கிறது, அதனால் தள்ளிப்போட முடியாது. பெண் வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. உன் சம்மதம் தெரிந்துதான் பேச வேண்டும். அக்காவுக்குப் பதில் போடு. கொட்டை எடுத்த புளி அங்கே என்ன விலை என்றும் எழுது.


ஜூஜுவாடி
10.9.1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலம், நீயும் அப்படியே இருக்க துஆ.

கரண்டி! அக்கா, அந்தப் பாட்டை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். எங்களுடையது ஒற்றை ஸ்பீக்கர் டப்பா. உன் கடிதம் வந்ததும் அட்டிபெலே கேசட் கடைக்கே போய் அவன் பெரிய செட்டில் போடச் சொல்லிக் கேட்டேன். விழுந்தது! கடைக்காரன் "ஏனப்பா, என்னாச்சு?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். வயலினையும் கேட்டேன். நீ இவ்வளவு காது உள்ளவள் என்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே. எழுதுகிற தங்கச்சிக்கும் என் ஸலாம் சொல். கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கிறது.

மச்சான் கார்டு வந்தது. அக்கா, நீ கோபப்படாதே. மைக்செட்காரர் வீட்டுப் பெண்ணா? பிறந்ததிலிருந்து குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே வளர்ந்தவள். காது இரண்டும் எப்போதோ செவிடாகியிருக்கும். நான் 'உப்பு' என்றால் 'பருப்பு' கொண்டுவருவாள். வீட்டில் பேசுவதற்கே நான் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டியிருக்கும். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லித்தான் காலையில் எழுப்புவாள்.

எனக்கு ஒரே நிபந்தனைதான். பெண் பார்க்கப் போகும்போது 'பஞ்ச் கார்டு' கேசட்டைக் கொண்டுபோவேன். போட்டுக் காட்டுவேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தால் நிக்காஹ். இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். நம் பக்கத்தில் அப்படி ஒருத்தி இல்லை. வாணியம்பாடிக்காரர்களே சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போகட்டும்.

புளி விலை பெருமாளிடம் கேட்டு எழுதுகிறேன்.

உன் தம்பி
பஷீர்


சிங்காரப்பேட்டை
4.10.1988

பஷீருக்கு,

ஸலாம். நலம். பதில் தாமதம். எழுதுகிறவளுக்கு மூன்று வாரமாக வேறு வேலை இருந்தது. அவளைத் தங்கச்சி என்று எழுத வேண்டாம்.

உன் கடிதம் முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் வாசிக்கக் கேட்டேன். பெண் விஷயம் புரிந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நீ ஓட்டிவிடச் சொன்ன கடைசிப் பாட்டை ஆறு முறை கேட்டோம். அது அழுமூஞ்சிப் பாட்டு அல்ல. ஏ பக்கத்தில் சூப்பர்வைசருக்காகப் போட்ட கல்யாண பேண்டு மெட்டேதான் அது. கால் பங்கு வேகத்தில், ஒற்றைக் கித்தாரில் வாசிப்பதால் அடையாளம் தெரிவதில்லை. பாட்டின் அர்த்தம் இது: எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். கண்ணாடி முன் நின்று சட்டையைக் கழற்றுகிறான். சூப்பர்வைசர் போட்டிருந்த அதே சட்டை. ஒரே கடையில் வாங்கியது.

ஆறு பாட்டில் ஊரையெல்லாம் கேலி செய்தவர்கள், ஏழாவதில் தங்களைச் செய்துகொள்கிறார்கள். அதனால்தான் அந்த ஆறையும் மன்னிக்க முடிகிறது. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் இது வெறும் வாய்த்துடுக்கு. அதற்கு முன்னாலேயே கேசட்டை நிறுத்துகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. நனையாதே.

சுக்ரா
(கை இன்னும் கட்டில்)


ஜூஜுவாடி
23.10.1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை.

ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பாட்டுப் போடும் பொறுப்பு என்னுடையது. நான் சும்மா இருப்பேனா? எங்கள் சூப்பர்வைசர் சென்னப்பன் கற்பூரம் ஏற்றும் நேரம் பார்த்து அந்த பேண்டுப் பாட்டைப் போட்டேன். 'தொப்பை முன்னால் வரும், ஐயா பின்னால் வருவார்' என்று அதில் ஒரு வரி உண்டு. பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மனிதர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஆடவே ஆரம்பித்துவிட்டார். ஷாப் முழுக்க விசில்.

சாயங்காலம் டூல் ரூமுக்குக் கூப்பிட்டார். "ஏம்பா பஷீரு, அது என்னெப் பத்தின பாட்டுதானே?" என்றார். "இங்கிலீஷ் பாட்டு சார்" என்றேன். "எனுக்கு இங்கிலீசு வராதுன்னு யார் சொன்னா? நல்லாத்தான் பாடிக்கிறானுங்க. என் தொப்பெ எனுக்குத் தெரியாதா? அந்தக் கேசட்டு எனுக்கு ஒண்ணு வாங்கியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையும் அவர் வேட்டிக்கு மேலே போட்டிருந்த சட்டையும் ஒரே கம்பெனி யூனிஃபார்ம்தான் அக்கா. அப்போதுதான் கடைசிப் பாட்டு விளங்கியது.

அறைக்கு வந்து அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். பெருமாள் வெளியே போய்ப் படுத்துக்கொண்டான்.

இப்போது உண்மையைச் சொல். இதெல்லாம் நீ சொன்னது இல்லை. 'கால் பங்கு வேகம்', 'அரை இழை' என்றெல்லாம் நீ எந்தக் காலத்தில் பேசினாய்? எழுதுகிறவள் யார்? பள்ளிக்கூடப் பெண் என்று நினைத்துத் தங்கச்சி என்று எழுதிவிட்டேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நம்புவாயா? மூன்று வாரம் கடிதம் வராமல் சோறு இறங்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டுமாவது எழுது.

பஷீர்


சிங்காரப்பேட்டை
9.11.1988

பஷீர்,

நானே எழுதுகிறேன். கட்டு பிரித்தாச்சு. எழுத்து கோணல், பொறுத்துக்கோ.

அவ பேரு தில்ஷாத். மைக்செட் குலாம் ரசூல் மக.

உன் செப்டம்பர் கடிதத்தை என் எதிரே உட்கார்ந்து அவதான் வாசித்தாள். தன்னைக் கேட்கிறார்கள் என்கிற விஷயமே அவளுக்கு அதிலிருந்துதான் தெரிந்தது. 'மைக்செட்காரர் வீட்டுப் பெண்ணா' என்கிற இடத்தில் நின்றாள். நான் "போதும் கண்ணு, வச்சிடு" என்றேன். "இல்லக்கா, கடிதம்னா முழுசாத்தான் வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, செவிடு, பருப்பு, ஆம்ப்ளிஃபயர், மைக் டெஸ்டிங், எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சத்தமாக வாசித்தாள். மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மூன்று வாரம் வரவில்லை. எனக்கு உன்னைச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

அப்புறம் அவளே வந்தாள். "பாட்டைப் பத்தி மட்டும் எழுதலாம்" என்றாள். எழுதினாள்.

இந்தக் கடைசிக் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள்.

வாணியம்பாடிக்காரர்கள் 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். நான் யார் வீட்டிலும் போய் உனக்காக வாய் திறக்க மாட்டேன். உன் வாயால் கெட்டதை நீயே பார்.

அக்கா


ஜூஜுவாடி
16.11.1988

அக்காவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை நீ பிரிக்காதே. உன் கை குணமானது எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள். எப்போதும் வாசிக்கிறவர்களே வாசிக்கட்டும், முழுசாக, சத்தமாக.

புதுக் கேசட். ஒரே ஆள் பாடியது. தலைப்பு 'ஒற்றை ஸ்பீக்கர்'.

ஏ பக்கம், முதல் பாட்டு. பலத்த கித்தார். அட்டிபெலேயில் ஒரு கேசட் வாங்கியதும் தலையில் கொம்பு முளைத்துவிட்டதாக நினைத்த லேத்காரன் ஒருவன், ஜூஜுவாடியிலிருந்து சிங்காரப்பேட்டை வரைக்கும் காது இருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று கத்துகிறான்.

இரண்டாவது, கல்யாண பேண்டு. மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது. ஊர்வலத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், மாப்பிள்ளை மட்டும் இல்லை. நிபந்தனை எழுதிய தாளைத் தேடிக்கொண்டு அறையிலேயே இருந்துவிட்டான்.

மூன்றாவது, வயலின். பன்னிரண்டு இன்லண்டு லெட்டர் வாங்கிப் பதினொன்றைக் கிழித்தவனின் காதல் பாட்டு. 'எனக்கு ஒன்றும் கவலை இல்லை' என்ற வரியில் மட்டும் வயலின் அரை இழை இறங்கும்.

பி பக்கம், முதல் பாட்டு, டிஸ்கோ. பெண்ணுக்குப் பரீட்சை வைக்க ஒருவன் வருகிறான். கேள்வித்தாள் அவன் கையில் இருக்கிறது. விடை அவனுக்கே தெரியாது. கரண்டி விழுந்ததுகூடக் கேட்காத காது.

கடைசிப் பாட்டு. ஒற்றைக் கித்தார்தான், இதில் கிண்டல் இல்லை. பார்க்காத ஒரு பெண்ணைப் பற்றி, சிரிப்பு வருமே என்பதற்காக வாய்க்கு வந்ததை எழுதினேன். அதை அவரே வாசிக்க வேண்டி வந்ததை நினைத்தால் தலை நிமிர முடியவில்லை. மன்னிக்க வேண்டும். கேசட்டைப் பற்றிய கடிதம் என்றுதான் முதலில் காத்திருந்தேன். பிறகு அந்தக் கையெழுத்துக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன். வாணியம்பாடிக்கு அவர் போவது அவர் விருப்பம். போகக்கூடாது என்பது என் ஆசை. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தும் சொல்லிவிட்டேன்.

கேசட் முடிந்தது. ஓட்டிவிடாமல் கேட்டதற்கு நன்றி.

பஷீர் அஹமது


சிங்காரப்பேட்டை
23.11.1988

வ அலைக்கும் ஸலாம்.

அக்காவுக்குக் கை மறுபடியும் வலிக்கிறதாம். நேற்று அதே கையால் ஆட்டுக்கல் ஆட்டினார்கள். இருந்தாலும் என்னைத்தான் எழுதச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல எழுத அவர்கள் ஒன்றும் சொல்லவும் இல்லை, எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கேசட் திங்கட்கிழமை வந்தது. முழுசாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னீர்கள் என்பதால் அப்படியே வாசித்தேன். கேட்டவர்கள் மூன்று பேர்: சுக்ரா அக்கா, உங்கள் மச்சான், ஒயர் கேட்டு அந்நேரம் பார்த்து வந்த என் அத்தா. முதல் பாட்டு பரவாயில்லை, சத்தம் அதிகம். ஊர்வலப் பாட்டுக்கு உங்கள் மச்சான் சிரித்த சிரிப்பில் புளிக்கூடை சரிந்தது. வயலின் பாட்டு கொஞ்சம் பொய். பன்னிரண்டு இன்லண்டு லெட்டர் என்பதை நான் நம்பவில்லை. டிஸ்கோ நன்றாக இருந்தது. கடைசிப் பாட்டில் 'அந்தக் கையெழுத்துக்காகவே' என்ற இடத்தில் எனக்கு வாசிக்க வரவில்லை. அத்தா தலையைத் தூக்கி, "ஏம்மா, வால்யூம் கம்மியாயிடுச்சு?" என்றார். மீதியை அவரே வாங்கி வாசித்தார். கல்யாண வீடுகளில் மைக் பிடித்த குரல். பெரிய தெருவுக்கே கேட்டிருக்கும்.

நீங்கள் வைத்த பரீட்சையைப் பற்றி. பிரமோஷன் பாட்டில் சிரித்தேன். சாம்பார் கோரஸில் கரண்டிக்குச் சிரித்தேன். கடைசிப் பாட்டில் சிரிக்கவில்லை. உங்களுடையதிலும் அதேதான். மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தைப் படித்த அன்று வீட்டுக்குப் போய் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மீதியை எழுதினால் சுருதி சேராது.

வாணியம்பாடிக்காரர்களுக்கு வர வேண்டாம் என்று அத்தா ஆள் சொல்லியனுப்பிவிட்டார். போன வெள்ளிக்கிழமையே. உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால். நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டருக்கு லேஸ் துணி தைத்துப் போட்டு, தூசி படாமல் வருஷக்கணக்காக மூடி வைத்திருக்கிறார்களாம். அத்தாவிடம் அந்தக் காரணத்தைச் சொன்னேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

27ஆம் தேதிக்குச் சொல்லி வைத்த கறி சொன்னபடிதான் இருக்கிறது. வீணாகக்கூடாது என்று அத்தா நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஷிஃப்ட் இல்லை என்று அக்கா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். ஊத்தங்கரையிலிருந்து பஸ் பதினோரு மணிக்கு வரும். சூப்பர்வைசருக்குக் கேசட் வாங்கும்போது எங்களுக்கும் ஒன்று வாங்கி வாருங்கள், பழையது தேய்ந்துவிட்டது.

வீட்டு வாசலில் அத்தா குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் கட்டி, சைரன் பாட்டைப் போட்டுச் சோதனை செய்துகொண்டிருப்பார். அவரிடம் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வர வேண்டாம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று, மெதுவாக என் பெயரைச் சொல்லுங்கள்.

எனக்குக் கேட்கும்.

தில்ஷாத்